வேர்ப் பொடி வேருக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு தோட்டப் பக்கத்தில், பாலிபேக்கில் வளர்ந்த கறிவேப்பிலைக் கன்றை மாற்றி நடும்போது வேர்நுனிகளைக் கிள்ளிவிட்டு, வேர்ப் பொடி (தண்டுக் குச்சிகளை வேர்விடச் செய்யும் மருந்துப் பொடி) தூவச் சொல்லியிருந்தார்கள். இரண்டுமே கன்றுக்குக் கேடு.

வேரை நீட்டிக்கொண்டு போவது அதன் நுனியில் இருக்கும் குருத்தணுக்கள், அதாவது பிரிந்து பிரிந்து புது உயிரணுக்களைத் தருபவை. அவற்றின் நடுவே, அரிதாகவே பிரியும் சில அணுக்கள் உண்டு. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியில் நான்கு இருக்கும், மக்காச்சோளத்தில் நூற்றுக்கணக்கில். பக்கத்து அணுக்களை முதிரவிடாமல் வைத்திருப்பது இவைதாம். 1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த நடு அணுக்களில் ஒன்றை லேசரால் கொன்றார்கள். அதை ஒட்டியிருந்த குருத்தணு முதிர்ந்து, மாவுமணி சேர்ந்த சாதாரண அணுவாகிவிட்டது. மற்றவை அப்படியே இருந்தன. அவ்வளவு கிட்டத்துப் பேச்சு அது. நுனியைப் போர்த்தியிருக்கும் வேர்மூடிப் பக்கத்திலிருந்தும் ஒரு சிறு புரதத் துணுக்கு வந்து, குருத்தணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் அடக்குகிறது.

இந்த நடு அணுக்களின் மையம் எங்கே அமைய வேண்டும் என்பதை, தண்டிலிருந்து இறங்கி நுனியில் தேங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் காட்டிக் கொடுக்கிறது. நுனி போனால் ஆக்சின் வெட்டுவாயருகே தேங்கி, அங்கே புது மையம் உருவாகலாம். ஆனால் அராபிடாப்சிஸில் வெட்டு நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குக்குள் விழுந்தால்தான் இது நடக்கும். விரல் நகத்துக்கு அந்த நுணுக்கம் ஏது? கிள்ளிய வேர் அத்தோடு நின்று, பின்னாலிருந்து பக்கவேர் விட வேண்டும். அதுவரை இலைகள் தண்ணீருக்குத் தவிக்கும்.

பொடியில் இருப்பதும் ஐபிஏ என்னும் ஆக்சின் வகைதான். வேர் முழுக்கப் பூசினால் நுனியில் மட்டும் தேங்க வேண்டியது எங்கும் நிறைந்து, வேர் நீள்வது நின்றுபோகும். அது தண்டுக் குச்சிகளுக்கு உரியது: இளந்தண்டுக்கு 0.1 விழுக்காடு ஐபிஏ உள்ள பொடி, பாதி முற்றியதற்கு 0.3. அடியில் ஒரு சென்டிமீட்டர் தொட்டு, மிஞ்சியதைத் தட்டி உதிர்க்க வேண்டும். அதிகமானால் அடி வீங்கிக் கறுக்கும். (முருங்கைப் போத்துக்குப் பொடியே வேண்டாம்.)

பாலிபேக்கின் அடியில் வளையமாகச் சுற்றிய வேர்களை மட்டும் கூரான கத்தியால் ஒரே வெட்டாக எடுக்கலாம். மழுங்கிய கத்தரிக்கோல் நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். பினாங்கு வெயிலில் சிமெண்டுத் தரையில் கிடந்த கறுப்புப் பைகளில், வெயில்பட்ட பக்கத்து நுனிகள் வெந்திருக்கும். நர்சரியில் வாங்கும்போதே பையைச் சற்று இறக்கிப் பாருங்கள். வேர்நுனிகள் வெளுத்து விறைப்பாக இருந்தால் எடுக்கலாம். பழுப்பாகி, தொட்டதும் தோல் உரிந்தால் அந்தக் கன்று வேண்டாம்.

தாவரவியல் ஆசிரியர்,
ஜெலுத்தோங், பினாங்கு