ஒரு தோல் கேட்டாலும் கொடுங்கள்: டேனரி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி முதலாளிமார்களுக்கு,

வணக்கமும் ஸலாமும். பேரணாம்பட்டில் கையால் பெல்ட், பர்ஸ், பை தைத்து விற்கும் சிறு பட்டறை எங்களுடையது. மலைப்பாதை ஏறினால் ஆந்திராவின் வி.கோட்டா, அங்கிருந்து பலமனேர், குப்பம் வரை எங்கள் சரக்கு போகிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்கும் தோலைச் சில்லறையில், பில்லோடு விற்க வழி செய்யுங்கள்.

தோலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு தோல் கிடைக்கவில்லை என்றால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். ஆனால் கேட்டில் போய் நின்றால் "எத்தனை ஆயிரம் சதுர அடி?" என்பதுதான் முதல் கேள்வி. எங்களுக்கு மாதத்துக்கு நாலைந்து மாட்டுத்தோல் போதும். அதைச் சொன்னதுமே பேச்சு முடிந்துவிடுகிறது. கடைசியில் சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குப் போய், இந்தப் பக்கத்தில் பதனிட்ட தோலையே அங்கே கூடுதல் விலைக்கு வாங்கி, சுருட்டிக் கட்டி பஸ்ஸில் கொண்டு வருகிறோம்.

கிடைக்கிற தோலெல்லாம் எங்களுக்கு ஆகிவிடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஷூவின் மேல்பாகமான அப்பருக்காக, குரோம் என்கிற குரோமிய உப்பில் பதனிட்ட மெல்லிய, மெத்தென்ற தோல் பர்ஸின் உள்ளறைக்கு நன்றாக இருக்கும். பெல்ட்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர் கனமாவது வேண்டும், அதிலும் முதுகுப் பகுதி வேண்டும். வயிற்றுப் பகுதியில் வெட்டினால் இழுபட்டுக்கொண்டே போகும். கடுக்காயும் ஆவாரம் பட்டையும் வாட்டில் மரப்பட்டையும் ஊட்டிப் பதனிட்ட பட்டைத் தோலின் ஓரத்தை லேசாக நனைத்து, மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் நாரெல்லாம் படிந்து கெட்டியாகி மினுமினுக்கும். குரோம் தோலின் ஓரம் எத்தனை தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகவே நிற்கும். பெயின்ட் பூசித்தான் மறைக்க வேண்டும். மடிகிற இடத்தில் அது வெடித்து உரிந்துவிடும். பட்டைத் தோலோ வெயில் பட, கை பட நிறம் ஆழ்ந்து அழகாகிறது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று புவிசார் குறியீடு வாங்கிய தமிழ்நாட்டுச் சரக்கு அது. அதை இங்குள்ள கைத்தொழிலாளியே கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் அந்தக் குறியீடு யாருக்காக?

எங்கள் பட்டறையில் தைக்கும் அக்காமார் இரண்டு பேரும் முன்பு வீட்டிலிருந்தபடி ஜோடிக் கணக்கில் மொக்காசின் என்கிற ஷூ வகைக்கு அப்பர் தைத்துக் கொடுத்தவர்கள். உங்கள் தொழிலில் பழகிய கைகள் அவை. தேன்மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விட்டு இழுப்பார்கள். துளைக்குத் துளை இழுப்பு மாறாது. எங்காவது ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்து நிற்கும். மிஷினில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால், ஒன்று அறுந்தால் வரிசையே பிரிய ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட கைகள் தோல் வரவில்லை என்று சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அடுத்து பில். கைவினைப் பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்று மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. தோல் பையும் பர்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அப்படி விற்கும்போது சரக்கு எத்தனை சிறியதானாலும், அதோடு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் வேண்டும். வி.கோட்டா நமக்குப் பக்கத்து ஊர். சட்டத்துக்கு வேறு மாநிலம். வழியில் நிறுத்தி "தோல் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால் காட்ட ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டாமா? வங்கியில் கடன் கேட்டாலும் அதே கேள்விதான். ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு பில் போடக்கூடாது என்று உங்கள் ஆபீஸ்களில் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. பதிவில்லாதவருக்கும் வரியோடு பில் போடலாம். அந்த வரியைக் கொடுக்க நாங்கள் தயார்.

உங்கள் கஷ்டமும் தெரியும். சுத்திகரிப்பு நிலையச் செலவு இருக்கிறது, தோலைப் போட்டுச் சுழற்றிப் பதனிடும் டிரம் ஒன்றை ஓட்ட வேண்டுமென்றால் அளவு வேண்டும். நாலு தோலுக்காக யாரும் டிரம் ஓட்ட முடியாது, அதை நாங்கள் கேட்கவும் இல்லை. ஏற்றுமதி ஆர்டரில் குறை என்று கழித்து ஒதுக்கிய தோலைக் கேட்கிறோம். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கீறிய கோடு, சாம்பிளோடு கொஞ்சம் நிறம் ஒத்துப்போகாதது. பெரிய துண்டாக வெட்டுகிறவர்களுக்குத்தான் அது குறை. ஒன்றே கால் அங்குலப் பட்டையாக வெட்டுகிற எங்களால் குறையைச் சுற்றிக்கொண்டு போக முடியும். அது குடோனில் காய்ந்து, பிறகு கிலோக் கணக்கில் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தோலுக்கும் பாலாறு விலை கொடுத்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஆறும் கிணறும் கெட்டுப்போன ஊர் நம்முடையது. இத்தனை கொடுத்துப் பதனிட்ட தோல் ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதி என்ற ஒரே வாசலை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று பார்த்தோம். எங்கள் வாசல் சின்னதுதான். ஆனால் உள்ளூரிலேயே இருக்கிறது, ரொக்கமாகக் கொடுக்கிறது.

வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் போதும். மூன்று ஊர்ச் சங்கங்களும் பேசி ஒரு குடோனைத் திறந்து வையுங்கள். கனம் எவ்வளவு, குரோமா பட்டையா என்று தோலின் பின்புறம் எழுதி வையுங்கள். சதுர அடி விலையை நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். தோலை விரித்துப் பார்த்துப் பொறுக்க மட்டும் எங்களை விடுங்கள். எந்த நாள், எந்த இடம் என்று சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு கைத்தையல் பட்டறை ஒன்றிலிருந்து