செய்முறை நோட்டைக் கேட்டு வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தில் "வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, மாதம் 25 ஆயிரம் முதல் 40 ஆயிரம் வரை, முன் அனுபவம் தேவையில்லை, பெண்களுக்கு முன்னுரிமை" என்று நான்கு வரியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். என்ன வேலை, எந்தக் கம்பெனி, எதுவுமே அதில் இல்லை. ஒரு செல் நம்பர் மட்டும்தான். கூப்பிட்டேன். பேசிய பெண் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். என்ன வேலை என்று மூன்று முறை கேட்டும் "அக்கா, அதெல்லாம் போன்ல சொன்னா புரியாது, ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வாங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. கூப்பிடும்போதே எனக்குத் தெரியும், இதுதான் வரும் என்று. ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற எம்எல்எம் சங்கிலி வியாபாரத்துக்குக் கூப்பிடுகிற பேச்சு, எங்கள் வீட்டில் மூன்று வருஷம் கேட்ட பேச்சு இது.

என் கொழுந்தன் டூவீலர் மெக்கானிக். நல்ல தொழில்காரன், வண்டி சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். கொரோனா முடிந்து வேலை மந்தமாக இருந்த நேரத்தில், கூடப் படித்தவன் ஒருவன் மதுரைக்கு மீட்டிங் என்று கூட்டிப் போனான். போனவன் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தான். சித்திரை வெயிலில் கோட்டும் டையும். பேச்சில் பிளான், ஐடி, அப்லைன், டவுன்லைன், லெஃப்ட், ரைட். வீட்டில் யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் "நெகட்டிவா பேசாதீங்க" என்று எழுந்து போய்விடுவான்.

அவனுக்கு முதல் வாரம் கொடுத்த வேலை பொருள் விற்பது இல்லை. தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நூறு பேருக்கு எங்கே போவது? நேராக எங்கள் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், வந்து செய்முறை நோட்டைக் கேட்டான்.

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை நோட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு மொய் எழுதினார்கள், நாம் எங்கே எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என எல்லாம் அதில்தான் இருக்கும். அத்தை அதை மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார்கள். கஷ்டம் வந்தால் யார் வீட்டு வாசலில் உரிமையோடு போய் நிற்கலாம் என்பதற்கு அந்த நோட்டுதான் கணக்கு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும் செய்தேன், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்கு அப்புறம் ஒவ்வொரு வீடாகப் போனான். நலம் விசாரிப்பது போல ஆரம்பித்து பிளான் காட்டுவான். சொந்தக்காரப் பையன், முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியாமல் சிலர் சேர்ந்தார்கள். மறுக்கத் தெரிந்தவர்கள் அவன் வண்டி சத்தம் கேட்டதும் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

நான் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவள். ஒரு ராத்திரி அவனை உட்கார வைத்து அவன் பிளானை அவனை விட்டே எழுதச் சொன்னேன். நீ ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர், சரி, எழுது. 6, 36, 216, 1,296, 7,776. ஆறாவது அடுக்கில் 46 ஆயிரத்தைத் தாண்டியது, எங்கள் நகராட்சியிலேயே அத்தனை பேர் கிடையாது. பத்தாவது அடுக்கு ஆறு கோடியே நாலு லட்சம். மேலே இருப்பவர்களையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைக்குழந்தை முதல் கிழவி வரை எண்ணி தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். அதுகூடப் பரவாயில்லை, இன்னொன்றையும் காட்டினேன். எந்த அடுக்கில் நிறுத்தினாலும் மொத்தக் கூட்டத்தில் ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில், தங்களுக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லாமல், கட்டிய பணத்தோடு நிற்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்பதால் இல்லை, கணக்கே அப்படித்தான். கொழுந்தன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "மதினி, எங்க லீடர் இந்தக் கேள்விக்கு நல்லா பதில் சொல்வாரு, ஒரு தடவை நீங்க மீட்டிங்குக்கு வாங்க" என்றான்.

கணக்கு அவனுக்குப் புரியாமல் இல்லை. ஏற்கெனவே அவனை நம்பி எட்டு பேர் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் அவனை அங்கேயே பிடித்து வைத்திருந்தது. இதை நான் கண்டுகொள்ள ரொம்ப நாள் ஆனது.

அவன் வெளியே வந்த பிறகு எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். தன் பெயர், பொண்டாட்டி பெயர், அம்மா பெயர் என்று மூன்று ஐடி, அதாவது மூன்று உறுப்பினர் கணக்கு, 33 ஆயிரம். ஐடி செத்துப் போகாமல் இருக்க மாதாமாதம் 3 ஆயிரத்துக்குச் சரக்கு வாங்க வேண்டும், அது முப்பது மாதத்துக்கு 90 ஆயிரம். கோட்டு, பெங்களூரு மாநாடு, மண்டபக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 28 ஆயிரம். மொத்தம் 1 லட்சத்து 51 ஆயிரம். கமிஷனாக வந்தது 17,400. என் ஓரகத்தியின் நாலு பவுன் செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வேலைக்குப் போகாத நாள்களின் கூலியை இதில் சேர்க்கவில்லை. அலமாரி நிறைய பற்பசையும் புரோட்டீன் பவுடரும். அரை கிலோ பவுடர் 2,300 ரூபாய், அந்தக் காசுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை மாசம் முட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

காசோடு போயிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அத்தைக்கு சர்க்கரை வியாதி. அந்தக் கம்பெனி ஜூஸைத் தொடர்ந்து குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று மீட்டிங்கில் யாரோ மேடையேறிச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மகன் சொல்கிறானே என்று அத்தையும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், எங்களிடம் சொல்லவில்லை. இருபது நாளில் கண் இருட்டிக் கீழே விழுந்து, நாலு நாள் ஆஸ்பத்திரி. சர்க்கரையைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவீட்டில் பாயை விரித்து உட்கார்ந்து பெற்ற மகன் சொல்வதை எந்த அதிகாரி வந்து பிடிக்க முடியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஆள் சேர்த்தால் பணம் என்ற சுழற்சித் திட்டங்களை 1978லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது, மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. நேரடி விற்பனைக்கு என்று 2021 டிசம்பரில் தனி விதிகளும் வந்தன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் விற்கக்கூடாது, "நீங்க நாலு பேரைச் சேர்த்துவிட்டா இந்தக் காசு உங்களுக்கே திரும்பிடும்" என்று சொல்லி வாங்க வைக்கக்கூடாது, இதையெல்லாம் கண்காணிக்க ஒவ்வொரு மாநில அரசும் ஏற்பாடு செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. என் கொழுந்தன் வாயிலிருந்து தினமும் வந்த வசனமே அந்த இரண்டாவதுதான்.

அப்படியானால் யாரும் புகார் கொடுப்பதில்லையே, ஏன்? ஈமு கோழியில் பணம் போட்டவர்கள், ஆருத்ரா நிதி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் புகார் கொடுத்தார்கள். அங்கே ஏமாற்றியவன் அந்நியன். இங்கே புகார் எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் எழுத வேண்டியது சின்னம்மா மகன் பெயர். அதோடு, நாமே நாலு பேரைச் சேர்த்துவிட்டிருப்போம், அவர்கள் புகாரில் நம் பெயர் முதல் வரியில் இருக்கும். கையில் பற்பசை டப்பாவும் இருக்கிறது, ஏமாந்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்லவும் தோன்றாது. எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2024 தொடக்கத்தில் கோவையில் விளம்பரம் பார்த்தால் காசு தருகிற ஒரு கம்பெனி மீது வழக்கு வந்தபோது, உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து கம்பெனிக்கு ஆதரவாக நின்றார்களே, அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி நின்றுவிட்டால் ஊரில் அண்ணன் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பொருளை வாங்கி அக்கம்பக்கத்தில் விற்றுப் பத்துப் பதினைந்து சதவீதம் லாபம் பார்க்கிற பெண்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் குழுவிலேயே ஊறுகாயும் சேலையும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது பிளான் காட்ட வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள் என்று குழுக் கூட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்: ஒரு ஆளைக்கூடச் சேர்க்காமல், இந்தச் சாமானை வெளி ஆளுக்கு விற்று மட்டும் நீங்கள் போன மாதம் எவ்வளவு சம்பாதித்தீர்கள், பாஸ்புக்கைக் காட்டுங்கள். இதுவரை ஒருவரும் காட்டவில்லை. குழுக் கடனை வாங்கி ஐடி போட்டவர்கள் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள், தவணை கட்ட முடியாமல் மற்ற உறுப்பினர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். மகளிர் திட்ட அதிகாரிகள் வரவு செலவு நோட்டைப் பார்க்க வரும்போது இதைப் பற்றியும் பத்து நிமிஷம் பேச வேண்டும். பொருளாதாரக் குற்றப்பிரிவு என்று ஒன்று இருப்பதும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சும்மா போன் போட்டுக் கேட்கலாம் என்பதும் எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கொழுந்தன் இப்போது பழைய பட்டறைக்கே போகிறான். அவன் சித்தி மகளை, தங்கச்சி முறை, 22 ஆயிரம் கட்ட வைத்திருந்தான். மாதம் 2 ஆயிரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், யாரும் கேட்காமலே. போன ஆவணியில் எங்கள் சின்னவளுக்குக் காதுகுத்து வைத்தோம். அந்தத் தங்கச்சி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ராத்திரி மொய்க் கணக்கைப் படித்து முடித்ததும் அத்தை "அவ பேரு வரலையே" என்று இரண்டு தரம் கேட்டார்கள். கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆசிரியர் அவர்களே, நான் உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கம்பெனி பெயரும் என்ன வேலை என்ற விவரமும் இல்லாத வேலை விளம்பரங்களை வாங்காதீர்கள். நாலு வரிக்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் பேப்பரில் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எங்கள் அத்தையும் அதில் ஒருவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி