நாவலாசிரியரைக் காணப் போகும் பிள்ளைகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடக்கும் இலக்கிய விழாவுக்கு, தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளில் 40 பேரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். எங்கள் பிள்ளைகள் வாசித்துவந்த நாவலை எழுதியவர் அங்கே பேசுகிறார். பிள்ளைகளின் கேள்விகளுக்கும் பதில் சொல்வார். அவரைப் பற்றிய விவரம் இணைத்துள்ள அழைப்பிதழில் உண்டு.

பள்ளிக்கூடத்தில் அந்த நாவலின் நான்கு பிரதிகள்தான் இருந்தன. அதனால் பத்துப் பேருக்கு ஒரு பிரதி என்று வைத்து, செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டபிறகு வேப்பமரத்தடியில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். முதல் வாரம் பலருக்குக் கொட்டாவிதான் வந்தது. மூன்றாம் வாரம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வரும் அத்தியாயம். போர் நெருங்கிவர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு நிற்கிறது. ஒரு கிழவர் தன் மாட்டையும் இழுத்துக்கொண்டு வருகிறார். வாசித்துக்கொண்டிருந்த தரம் 10 மாணவி நிறுத்திவிட்டு, "சேர், இது உண்மையா நடந்ததோ?" என்று கேட்டாள்.

இவர்கள் எல்லோரும் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். "வீட்டில் கேட்டுப் பார்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த தடவை அவள் ஒரு கதையோடு வந்தாள். அவளுடைய அம்மம்மா அன்று தையல் மெசினின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொடிகாமம் வரை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். காலும் பலகையும் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது அவை இல்லை. இப்போது அந்தத் தலை வேறொரு மேசையில் பூட்டியிருக்கிறது. இந்தப் பிள்ளை போட்டுவரும் பள்ளிச் சட்டையும் அதில் தைத்ததுதான். தினமும் அதன் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்தவளுக்கு அது எப்படி வந்தது என்று அன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு கதை வரத் தொடங்கியது. ஒரு மாணவனின் தகப்பன் பத்து வயதில் சாவகச்சேரியில் கூட்டத்துக்குள் தவறி, அடுத்த நாள்தான் கிடைத்தாராம். அதைச் சொல்லும்போது அந்தப் பையன் தகப்பனைப் பற்றி முதல்முறையாகப் பெருமையோடு பேசியதைக் கண்டேன்.

பெற்றோர் இருவர் வந்து, "பழசைக் கிளறி ஏன் சேர் பிள்ளைகளின்ர மனதைக் குழப்புறியள்?" என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்ட கேள்வி. சில நாட்கள் நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவு நானும் அந்தப் பாலத்தில் நின்றவன். என் சொந்தப் பிள்ளைகளிடம்கூட அதை ஒழுங்காகச் சொன்னதில்லை, தொடங்கினாலே குரல் அடைத்துவிடும். என்னால் சொல்ல முடியாததை அந்த எழுத்தாளர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கேட்கிறார்கள். இது நல்லது என்றே நம்புகிறேன். ஆனாலும் உங்கள் பிள்ளை நித்திரை குழம்பி எழும்புவதாகக் கண்டால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

சனிக்கிழமை காலை ரியூசன் இருப்பது தெரியும். இந்த நாவல் பரீட்சைக்கு வருமா என்றும் கேட்கிறீர்கள். வராது. இருந்தாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தரம் 11 பிள்ளைகள் தவறவிடும் கணிதத்தைத் திங்கள் பின்னேரம் சொல்லிக்கொடுக்க எங்கள் ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.

என் இளவயதில் எழுத்தாளரைக் காண விழா தேவைப்படவில்லை. 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண வீதிகளில் தானே நடந்து விற்றவர். வாங்குகிறவன் நின்று அவரோடு பேசலாம், வாதாடவும் செய்யலாம். இன்றைய பிள்ளைகளுக்கு எழுத்தாளர் என்றால் பாடப்புத்தகத்தில் ஒரு படமும் பிறந்த ஆண்டும்தான்.

இன்னொன்று. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பிறகு திருத்தி எழுப்பப்பட்ட நூலகம் அது. பஸ்ஸில் போகும்போது வெள்ளைக் கட்டடத்தையும் முன்னால் இருக்கும் சரஸ்வதி சிலையையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது 40 பேரில் ஏழு கைகள்தான் எழும்பின. அதனால் பேச்சு முடிந்ததும் வாசிப்பறைகளையும் சுற்றிக் காட்டி, அங்கத்தவராகச் சேரும் முறையையும் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவருவோம்.

காலை 7.45க்குப் பாடசாலை வாசலில் பஸ் நிற்கும். பின்னேரம் 2 மணிக்குள் திரும்பிவிடுவோம். பிள்ளைகள் சீருடையில், மதியச் சாப்பாடும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வரட்டும். பஸ் செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டதால் காசு எதுவும் தர வேண்டாம். அனுமதிப் படிவத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் 23 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் கேள்வி, அந்தக் கிழவரின் மாடு என்ன ஆனது என்பது. தையல் மெசின் கதை சொன்ன மாணவி, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். தாராளமாக வரலாம். பஸ்ஸில் முன்பக்கத்து ஆறு இருக்கைகளைப் பெரியவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டிலிருந்தும் யாரும் வர விரும்பினால் அவர்களுடைய பெயரைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அதிபர்