எலக்ட்ரான் எங்கே தொலைகிறது என்பதையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், விண்ணப்பிக்கும் முறை, மீட்டர் மாற்றுவது என்று எல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இதழைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆனால் ஒரு வரி உறுத்துகிறது. செட்டிநாடு போல வெயில் கொளுத்தும் ஊர்களில் வெப்பம் கூடக்கூட மின்சாரமும் கூடும் என்று அதில் இருந்தது. அது தவறு.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் முன்பகுதி முழுக்க ஓட்டுச் சரிவு. பின்கட்டின் மொட்டை மாடியில்தான் தகடு வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டர் காட்டும் எண்ணைத் தினமும் குறித்து வைப்பது என் பழக்கம். மாசி மாதத்து உச்சிவேளையில் வந்த அளவு சித்திரை உச்சிவேளையில் வருவதில்லை. காரணம் இதுதான்: தகட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் திறன் அளவு 25 டிகிரியில் எடுத்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகடு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கிறது. நம் ஊர்க் கோடையில் தகடு 65 டிகிரிக்குச் சுட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். மின்சாரம் தருவது ஒளி. வெப்பம் அதிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

இதை மட்டும் சொல்வதற்காக இவ்வளவு நீளமாக எழுதவில்லை. இன்றைய நல்ல தகடுகள் சூரிய ஒளியில் நூற்றுக்கு இருபது பங்குக்குச் சற்று மேல் மின்சாரமாக்கும் என்று கட்டுரை சொன்னது. சரி, மீதி எண்பது எங்கே போகிறது? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உலகத்தில் எத்தனையோ வேதியியலாளர்கள் வாழ்நாளைச் செலவிடுவது அந்த எண்பதைத் தேடித்தான்.

எங்கள் வீட்டில் மழை பெய்தால் ஓடுகளில் வழிந்து வரும் தண்ணீர் நடு வளவில் விழும். என் மாமியார் முதல் மழையின் தூசித் தண்ணீரைப் போகவிட்டு, அப்புறம் தாழ்வாரத்து ஓரமாக அண்டாக்களை வரிசையாக வைப்பார். அண்டா வைக்கத் தாமதமானால் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். தகட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே, அதாவது ஆற்றல் கூடிய நிலைக்கு, ஏறுகிறது, அது விட்டு வந்த இடத்தில் ஒரு துளை விழுகிறது. நீல ஒளி அதற்குக் கொடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2.7 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் தங்குவது 1.1 மட்டும். மிச்சம் ஒரு பிகோ நொடிக்குள், அதாவது நொடியை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்குக்குள், வெப்பமாகிவிடுகிறது. அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதி பிடிபடாமலே கடந்து போகிறது. ஒரே பொருளால் செய்த மின்கலம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது கடினம் என்று ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1961-லேயே கணக்குப் போட்டுக் காட்டியது இதனால்தான்.

இவ்வளவு வேகமாக நடப்பதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை உங்கள் வாசகர்கள் ரசித்துப் படிப்பார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன். ஃபெம்டோ நொடி என்பது பிகோ நொடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று கோடி ஆண்டோடு ஒப்பிட்டால் ஒரு நொடி எவ்வளவு சிறியதோ, ஒரு நொடியோடு ஒப்பிட்டால் ஃபெம்டோ நொடி அவ்வளவு சிறியது. இதை அளக்கும் கடிகாரம் எதுவும் கிடையாது. லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பி எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தாமதித்து இரண்டாவது துடிப்பை அனுப்பி, எலக்ட்ரான் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் தாமதத்தை உண்டாக்க, இரண்டாவது துடிப்பு போகும் பாதையில் உள்ள கண்ணாடியைச் சற்றுப் பின்னால் நகர்த்துகிறார்கள். 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளி போய்த் திரும்ப 0.3 மில்லிமீட்டர் கூடுதல், அதற்கு ஆகும் நேரம் ஒரு பிகோ நொடி. நேரத்தை அளவுகோலால் அளக்கிறார்கள்! ஃபெம்டோ நொடி அளவில் வேதிவினைகளைப் பார்த்ததற்காக அகமது செவைலுக்கு 1999-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி, என் மனத்துக்கு நெருக்கமான விஷயம். ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, மேல்நிலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் சாயம் பூசிய சூரிய மின்கலம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1991-ல் ஓரீகன், கிரெட்சல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் செய்தது. வெள்ளைப் பெயிண்டில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துகள் படலத்தில் ருத்தேனியம் சாயத்தை ஏற்றியிருந்தார்கள். ஒளி பட்டதும் சாயத்திலிருந்து எலக்ட்ரான் நூறு ஃபெம்டோ நொடி கூட ஆகாமல் டை ஆக்சைடுக்குள் தாவுகிறது. திரும்பி வர அதைவிடக் கோடி மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கிறது. போவது விரைவு, திரும்புவது தாமதம் என்பதால்தான் இடையில் அதை நம்மால் கம்பி வழியாகக் கொண்டுபோக முடிகிறது. அப்போது கண்டனூரிலிருந்து வந்து படித்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், ருத்தேனியம் அபூர்வமான உலோகம்னு சொல்றீங்க. தனிம வரிசை அட்டவணையில அதுக்கு நேர் மேல இரும்பு இருக்கே. ரெண்டும் எட்டாம் தொகுதிதானே, இரும்பையே வைக்கலாமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். புவி ஓட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு இரும்பு. நம் வீட்டுத் தரைக்குப் போடும் சிவப்பு ஆக்சைடும் இரும்புதான். அவள் கேட்டது நியாயமான கேள்வி. உலோக அணுவைச் சுற்றிப் பிணைந்திருக்கும் மூலக்கூறுகளை ஈனிகள் என்பார்கள், உலோகமும் ஈனிகளும் சேர்ந்தது அணைவுச் சேர்மம். வழக்கமான ஈனிகளை வைத்துச் செய்த இரும்பு அணைவுச் சேர்மத்திலும் ஒளி பட்டால் எலக்ட்ரான் ஏறத்தான் செய்கிறது. ஆனால் இரும்பில் படிகப்புலப் பிளவு, அதாவது உலோகத்தின் d-ஆர்பிட்டால்கள் என்ற எலக்ட்ரான் இருப்பிடங்களை ஈனிகள் மேலும் கீழுமாகப் பிரிக்கும் ஆற்றல் இடைவெளி, குறைவு. அதனால் இரும்பின் சொந்த d-ஆர்பிட்டால்களில் மேலே இருக்க வேண்டியவையும் தாழ்வாக இருக்கின்றன. ஏறிய எலக்ட்ரான் ஏறக்குறைய நூறு ஃபெம்டோ நொடியில் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிடுகிறது. அண்டா வைப்பதற்குள் தண்ணீர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளத்தை மேடாக்க முடியுமா என்பதுதான் வேதியியலாளர்களின் வேலை. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகக் குழுவினர் கார்பீன் என்ற வலுவான ஈனிகளை இரும்போடு சேர்த்தார்கள். அவை d-ஆர்பிட்டால்களை மேலே தள்ளிவிட்டன. 2013-ல் எலக்ட்ரான் மேலே தங்கும் நேரம் 9 பிகோ நொடி ஆனது, பழையதைப் போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. 2015-ல் இப்படிப்பட்ட ஓர் இரும்புச் சாயத்திலிருந்து நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் போவதை அளந்தார்கள். 2017-ல் வேறொரு இரும்புச் சேர்மத்தில் அந்த நேரம் 100 பிகோ நொடியைத் தொட்டது. அது ஒளிரவும் செய்தது. இரும்பால் அது முடியும் என்று நான் பாடம் நடத்திய காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இவ்வளவுக்கும் பிறகு இரும்புச் சாய மின்கலத்தின் திறன் இன்னும் மிகக் குறைவுதான். உள்ளே போன எலக்ட்ரான்களில் பல சீக்கிரமே சாயத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அடுத்து அடைக்க வேண்டிய ஓட்டை அது.

பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் படிகப் பொருளால் செய்யும் மின்கலம் பற்றி உங்கள் கட்டுரையில் இரண்டு வரி இருந்தது. 2009-ல் மியாசகா குழுவினர் செய்தபோது அதன் திறன் 3.8 சதவீதம், இன்று 25-ஐத் தாண்டிவிட்டது என்பது உண்மை. ஈரம் பட்டால் கெடுவதையும் அதில் ஈயம் இருப்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஒளியிலிருந்து மின்சாரம் வரும் என்று 1839-ல் முதலில் கண்டவர் பத்தொன்பது வயது எட்மண்ட் பெக்கரல். அமிலக் கரைசலில் மின்முனைகளை வைத்து ஒளி படவிட்டபோது அவர் அதைக் கண்டார். சூரிய மின்கலம் பிறந்ததே மின்வேதியியலில்தான். அந்த மின்வேதியியலுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு காரைக்குடியில் அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் அது திறக்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஆறு சதவீதத் திறனுள்ள சிலிக்கான் மின்கலத்தைக் காட்டியது அதற்கு அடுத்த ஆண்டுதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான அதைச் சுருக்கமாக 'சிக்ரி' என்பார்கள். இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேருந்தில் 'சிக்ரி ஸ்டாப்' என்று கேட்டு இறங்குகிறார்கள். அந்த வாசலுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது பிள்ளைகளின் குற்றமில்லை. அவர்கள் கையில் கிடைக்கும் தமிழில் இதை எழுதியவர்கள் குறைவு.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். வெப்பம் பற்றிய வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அதோடு, தகட்டைத் தரையோடு ஒட்டிப் பொருத்தாமல் அடியில் காற்றுப் போக நல்ல இடைவெளி விடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பொருத்த வந்தவர் விடவில்லை. நான் பிறகு உயர்த்தி வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது, ஒளி பட்ட முதல் பிகோ நொடியில் எலக்ட்ரானுக்கு என்ன ஆகிறது என்று ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். ஈனி, அணைவுச் சேர்மம், படிகப்புலம் எல்லாம் மேல்நிலைப் பாடத்தில் இருக்கும் சொற்கள்தான், தயங்காமல் எழுதலாம். அன்று கேள்வி கேட்ட பெண் இப்போது மதுரையில் முதுகலை வேதியியல் படிக்கிறாள். கட்டுரை வந்தால் அவளுக்கு ஒரு பிரதி அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்