பெரியபிள்ளையான பிறகும் பிள்ளைகள் ஓடட்டும்

அன்புள்ள பெற்றோரே,

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பத்து மணிக்கே வகுப்பறைகள் கொதிக்கின்றன. பிள்ளைகளிடம் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போத்தல் கொண்டுவரும் பெண் பிள்ளைகள் பலர் அதை நிறைந்தபடியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் குடித்தால் மலசலகூடம் போகவேண்டும், போவதைப் பொடியன்கள் பார்ப்பார்கள் என்ற வெட்கம். இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது எங்கள் பிழை. அதைச் சரிசெய்துவிட்டோம். வெட்கத்தை எங்களால் மட்டும் போக்க முடியாது. காலையிலிருந்து ஒரு மணி வரை அடக்கிக்கொண்டிருந்தால் சலக்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரலாம்.

இன்னொன்றும் கண்டிருக்கிறேன். தரம் 7இல் வலைப்பந்து அணியில் இடம் கேட்டுச் சண்டை பிடித்த பிள்ளைகள், தரம் 9இல் வேப்பமர நிழலில் குந்தியிருக்கிறார்கள். கேட்டால் முதலில் தலையிடி என்பார்கள். ஆறுதலாகக் கதைத்தால் உண்மை வரும். "வெயிலில நிண்டால் கறுத்துப் போவன் எண்டு அம்மம்மா ஏசுறா, ரீச்சர்." "பெரியபிள்ளை ஆனாப்பிறகு என்ன ஓட்டம் எண்டு பக்கத்து வீட்டில கேக்கினம்."

சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நாங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோம்! உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, கத்தரிக்காய்ப் பொரியல். எலும்புக்கும் இரத்தத்துக்கும் பலம் வேண்டும் என்பது எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கவனிப்பு ஏன் சடங்கு வீட்டோடு முடிகிறது? மாதாமாதம் இரத்தம் போகும் பிள்ளைக்கு இரும்புச்சத்து வருடக்கணக்கில் தேவை. பல வீடுகளில் அண்ணனுக்கு மீன் துண்டு, தங்கைக்குக் குழம்பு. காலையில் வெறும் பிளேன்ரீயோடு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுப்பதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது.

எலும்பின் பலத்தில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். அதற்கு ஓட்டமும் பாய்ச்சலும் வேண்டும். 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ரியூசனுக்கு சைக்கிள் மிதிப்பதும் அதில் சேரும். ஆனால் இப்போது ஏற்றி இறக்குவதெல்லாம் முச்சக்கரவண்டிதானே.

கறுப்புக்குப் பயந்து வெள்ளையாக்கும் கிறீம் பூசுகிற பிள்ளைகளும் உண்டு. பெயர்விபரம் இல்லாத சில கிறீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் நிறத்தைப் பற்றி அவள் முன்னால் கதைக்கவும் வேண்டாம்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அப்பாவுக்கு வாங்கிவரவென்றும் மகனைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

வருகிற திங்கள் முதல் வலைப்பந்துப் பயிற்சி காலை 6.15க்கு நடக்கும். வெயிலும் இராது, பின்னேரம் பிந்தி வரும் பயமும் இராது. இரண்டு ஆசிரியைகள் கூடவே நிற்பார்கள். அம்மாமாரும் அம்மம்மாமாரும் வந்து பார்க்கலாம். மரத்தடியில் கதிரை போட்டுவைப்போம்.

அன்புடன்,
அதிபர்
திருகோணமலை