1970 ஒக்டோபரில் சிறைவைக்கப்பட்டவர்களுக்காக: கனடா நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

1970 ஒக்டோபர் 16ஆம் திகதி அதிகாலை நான்கு மணிக்கு, குற்றம் சுமத்தாமலே ஆட்களைப் பிடித்து அடைத்து வைக்க அரசுக்கு அதிகாரம் தரும் போர்க்கால நடவடிக்கைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொலிஸார் பிடியாணை இல்லாமலே கியூபெக்கின் வீடுகளுக்குள் நுழைந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் கொண்டுபோனார்கள். பாடகி போலின் ஜூலியன், கவிஞர் காஸ்தோன் மிரோன், தொழிற்சங்கத் தலைவர் மிஷேல் சார்த்ராந் ஆகியோரும் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களே. அச்சட்டத்தின் கீழ் கைதான 497 பேரில் 435 பேர், எந்தக் குற்றமும் சுமத்தப்படாமலே பின்னர் விடுவிக்கப்பட்டனர். அந்த 435 பேரிடமும் கனடா அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கியூபெக்கைத் தனிநாடாக்க ஆயுதம் ஏந்திய கியூபெக் விடுதலை முன்னணி செய்த கொடுமையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. பிரித்தானிய வர்த்தக ஆணையர் ஜேம்ஸ் குரொஸ் ஒக்டோபர் 5ஆம் திகதி கடத்தப்பட்டார்; ஐந்து நாள் கழித்து, மாகாணத் தொழில் அமைச்சர் பியேர் லப்போர்ட் தம் வீட்டு வாசலில் உறவுக்கார இளைஞர் ஒருவருடன் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது பிடித்துச் செல்லப்பட்டார். அன்றைய அச்சம் உண்மையானது. மாகாண முதல்வரும் மொன்றியல் மேயரும் எழுத்து மூலம் கேட்ட பிறகே அன்றைய பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு அச்சட்டத்தைக் கையிலெடுத்தது என்பதும் உண்மை. ஆயினும் கையெழுத்திட்டது கூட்டாட்சி அரசு, பொறுப்பும் அதனுடையதே.

அந்தக் கைதுகள் லப்போர்ட்டைக் காப்பாற்றவில்லை. சட்டம் வந்த மறுநாளே அவரது உடல், சென்-ஹூபேர் விமான நிலையத்துக்கு அருகில், ஒரு காரின் பின்பெட்டியில் கிடந்தது. குரொஸ் டிசம்பர் 3ஆம் திகதி உயிரோடு மீண்டதற்குக் காரணம், பொலிஸார் பொறுமையாகத் துப்புத் துலக்கி மறைவிடத்தைச் சுற்றி வளைத்ததும், கடத்தியவர்களைக் கியூபாவுக்கு அனுப்ப அரசு இணங்கிப் பேசியதுமே. கவிஞர்களையும் தொழிற்சங்கத்தினரையும் வழக்கறிஞரைக்கூடச் சந்திக்க விடாமல் அடைத்து வைத்தது, இந்த இரண்டில் எதற்குத் துணைசெய்தது?

விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டங்களின் கீழ் வாழ்ந்துவிட்டு இந்நாட்டுக்கு வந்த தமிழர்கள் எங்களுள் பலர். நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட வீட்டில் அதன் பிறகு எத்தனை ஆண்டுகளுக்கு நிம்மதியான உறக்கம் இருக்காது என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1970இல் உங்கள் சபை 190க்கு 16 என்ற வாக்குகளால் அச்சட்டத்தை ஆதரித்தது. புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் டொமி டக்ளஸும் அவருடைய தோழர்களும் ஏச்சுக்கு அஞ்சாமல் எதிர்த்து வாக்களித்தார்கள். இதே சட்டத்தைக் கொண்டு இரண்டாம் உலகப் போரில் அடைத்து வைக்கப்பட்ட ஜப்பானியக் கனடியர்களிடம் அரசு 1988இல் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் வழங்கியது. அவ்வாண்டிலேயே அச்சட்டமும் நீக்கப்பட்டது. கியூபெக்கில் அடைக்கப்பட்டவர்களுக்காக 2020இல் வந்த மன்னிப்புத் தீர்மானத்தை மட்டும் உங்கள் சபை தோற்கடித்தது.

அன்று இளைஞராய்ச் சிறை சென்றவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அத்தீர்மானத்தை மீண்டும் சபைக்குக் கொண்டுவந்து, இம்முறை கட்சிக் கட்டுப்பாடு விதிக்காமல் ஒவ்வொரு உறுப்பினரையும் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கனடாவில் வாழும் தமிழ்க் குடிமக்கள் சிலர்