ஒப்பந்தத்தில் இல்லாத உதவிகள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தஞ்சாவூரில் நான் நடத்திவரும் அழகு நிலையத்தின் பிரான்சைஸ் ஒப்பந்தம், அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் கடை நடத்துவதற்கான ஒப்பந்தம், இந்த மாதம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததிலிருந்து ஒரே நினைப்பாக இருக்கிறது. நிறுவனம் எனக்கு என்ன தரும், நான் நிறுவனத்துக்கு என்ன தர வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெயர்ப் பலகை, பயிற்சி, பொருட்கள், விளம்பரம் எல்லாம் அதன்படியே வந்தன. அதற்குரிய பணத்தை நானும் கட்டினேன். ஆனால் கடை இன்றைக்குத் திறந்திருக்கக் காரணமான பலரும் எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாமல் உதவியவர்கள். அவர்களுக்கு வாயால் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்களை எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் வங்கி மேலாளர் மேடம். 2017இல் கடன் கேட்டு அலைந்தபோது ஓரிடத்தில் என் திட்ட அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்கள். மேடம் அந்த அறிக்கையை முழுக்கப் படித்தார். மாத வாடகையையும் சம்பளத்தையும் எப்படிக் கணக்குப் போட்டேன் என்று கேட்டார். அப்புறம் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' பற்றிச் சொன்னார். 2016 ஏப்ரலில் வந்த மத்திய அரசுத் திட்டம் அது. புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன். ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்காவது அந்தக் கடனைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கமாக இருந்தது. "இது உங்களுக்குன்னே வந்த திட்டம், தயங்காம கேளுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அப்போது திட்டச் செலவில் முக்கால் பங்குவரை வங்கி தந்தது. மீதிக்கு அம்மா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன்.

வக்கீல் சாருக்கு நான் பட்டிருக்கும் கடனைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரான்சைஸ் எடுக்கப்போகும் பெண்களுக்கும் அது உதவும்.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதனால் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்கு எல்லாம். வக்கீல் சார் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிப் புரியவைத்தார். நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்த நாம் கட்டும் ராயல்டி என்பது மாத விற்பனையில் இத்தனை சதவீதம், லாபத்தில் இல்லை. நஷ்டமான மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். நம் எல்லைக்குள் இன்னொரு கிளைக்கு அனுமதி தருவார்களா? பாதியில் விலகினால் உள் அலங்காரத்துக்குப் போட்ட பணம் என்னாகும்? விலகிய பிறகு அதே ஊரில் அதே தொழிலைச் செய்ய முடியுமா? இப்படி ஒவ்வொன்றாக என் வாயாலேயே கேட்கவைத்து, அதை நிறுவனத்திடமும் என்னையே கேட்கச் சொன்னார். உரிமையாளர் நேரில் இருந்து கடையை நடத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதன் கீழே, "பிரசவம், நோய் ஆகிய காலங்களில் அவர் நியமிக்கும் ஒருவர் நடத்தலாம்" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அப்போது எனக்குக் குழந்தை பற்றிய யோசனையே இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள். தொழில் செய்யும் பெண்ணுக்கு எது எப்போது தேவைப்படும் என்று அவர் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறார்.

அடுத்த வருடம் ஆவணியில் என் மகள் பிறந்தபோது அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. ஆவணி எங்களுக்கு உச்சமான மாதம். ஆடியில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகள் முகூர்த்தம் தொடங்கியதும் நிரம்பிவிடும். மணப்பெண் அலங்காரத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டப்படி அப்போது வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்குச் சம்பளத்தோடு 26 வாரம் வரை விடுப்பு இருந்தது. சொந்தமாகக் கடை நடத்துகிறவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. எனக்கு அந்த விடுப்பைக் கொடுத்தவர்கள் என் கடைப் பெண்கள். அவர்களில் பலர் ஒரத்தநாட்டிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். முறை போட்டுக்கொண்டு கடையைத் திறந்தார்கள், கல்லாவைப் பார்த்துக்கொண்டார்கள், இரவு கணக்கைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

அவர்களில் மூத்தவள் மிசோரம் பெண். பி.காம். படித்த எனக்குக் கணக்கு தெரியும், கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது. கடை மூடிய பிறகு என்னை நிறுத்திவைத்து முடி வெட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நான் இல்லாத காலத்தில் பொறுப்பை ஏற்றதும் அவள்தான். தங்கச்சி, உன்னிடம் தொழிலோடு பொறுமையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் காரணமே இல்லாமல் அழுதேன். குழந்தையைத் தூக்கவே பயமாக இருந்தது. வீட்டில் கண்ணேறு கழித்தார்கள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு என்னையும் உட்காரவைத்துப் பேசினார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றும், நிறையத் தாய்மார்களுக்கு வருவது என்றும், சிகிச்சையில் சரியாகும் என்றும் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார். சரியானது. இதை வெளிப்படையாக எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "எழுது, யாருக்காவது உதவும்" என்றார். சிகிச்சைக்குப் போன ஒவ்வொரு முறையும் வண்டி ஓட்டி வந்து வெளியே காத்திருந்தவர் அவர்.

நான் மறுபடி கடைக்குப் போனபோது அத்தையும் கூடவே வந்தார். ஸ்டோர் ரூமில் தன் பழைய நூல் புடவையில் தூளி கட்டினார். வாடிக்கையாளர்களுக்கு நடுவே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன். ஒரு முறை நிறுவனத்தின் பகுதி மேலாளர் ஆய்வுக்கு வந்து அந்தத் தூளியைப் பார்த்துவிட்டார். விதிப்படி அந்த அறையில் பொருட்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். ஹேர் கலர் வாசனை குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி, அந்தப் பெட்டிகளையெல்லாம் வெளி அலமாரிக்கு மாற்ற அவரே கை கொடுத்தார். சார், அதை நான் மறக்கவே இல்லை.

அத்தையைப் பற்றி ஒன்று. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்ததிலிருந்து சமையற்கட்டைத் தவிர வேறு வேலை பார்க்காதவர். "நான் பாத்துக்குறேன், நீ போ" என்று அவர் சொன்னதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். முட்டி வலியோடு மாடிப்படி ஏறி வந்தார், அத்தனை நாளும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் எல்லாம் நின்றது. மே கடைசியில் சென்னைக்கு வெளியே அழகு நிலையங்களைத் திறக்க அனுமதி வந்தபோது ஏசி போடக் கூடாது என்றார்கள். ஜூனில், வருகிறவர்களின் ஆதார் எண்ணையும் குறித்து வைக்கச் சொன்னார்கள். மிசோரம் பெண் ஊருக்குப் போயிருந்தாள். அந்தக் காலத்தில் கட்டட உரிமையாளர் ஐயா பாதி வாடகை போதும் என்றார், நாங்கள் கேட்காமலேயே. தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. மேலாளர் மேடம் தொலைபேசியில் கூப்பிட்டு, "தள்ளிப்போட்டாலும் வட்டி ஏறும்மா, முடிஞ்ச மாசம் கொஞ்சமாவது கட்டிடு" என்று எச்சரித்தார். தள்ளிப்போன ஒரு கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்திருந்த பெண்ணின் அம்மாவிடம் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "கல்யாணம் நடக்கும், அப்ப வந்து பண்ணும்மா" என்றார். நடந்தது. பண்ணினேன். அடுத்த வருடம் இரண்டாவது அலையில் மறுபடி மூடியபோது அந்த வார்த்தைதான் எனக்குத் துணை.

ஆடிட்டர் அண்ணாவுக்கும் நன்றி. 2025 செப்டம்பரில் எங்கள் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் எல்லோரும் வாழ்த்தினார்கள். வாடகைக்கும் ராயல்டிக்கும் கட்டும் வரியை, நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து இனி கழித்துக்கொள்ள முடியாது என்று அவர்தான் உட்காரவைத்து விளக்கி, விலைப் பட்டியலைப் புதிதாகப் போடவைத்தார்.

நேரில் பார்த்திராத இரண்டு பேரையும் நினைத்துக்கொள்கிறேன். சிறு வயதிலேயே தாயாகி, 1970களில் தில்லியில் தன் வீட்டிலேயே அழகு நிலையம் தொடங்கி, பிரான்சைஸ் மூலம் பல பெண்களைத் தொழிலுக்குக் கொண்டுவந்த ஷானாஸ் உசேன். 2000இல் சென்னையில் நேச்சுரல்ஸ் அழகு நிலையத்தைத் தொடங்கிய வீணா குமாரவேல். இவர்களெல்லாம் முன்னால் போகாமல் இருந்திருந்தால், "பார்லரா?" என்று என் வீட்டில் எழுந்த கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

தங்கச்சி மிசோரத்தின் அய்சாலிலிருந்து திரும்பி வந்து இப்போது கடையின் மேலாளர். புது ஒப்பந்தத்தில் எனக்குப் பதிலாகக் கடையை நடத்தக்கூடியவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது. ஒரத்தநாட்டுப் பெண் ஐந்து மாதக் கர்ப்பம். அவளுடைய விடுப்புக்கான முறைப் பட்டியலை மற்றவர்கள் இப்போதே எழுதிவிட்டார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. பிரான்சைஸ் எடுக்க நினைக்கும் பெண்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் கட்டணம் இல்லாமல் படித்துச் சொல்ல வக்கீல் சார் சம்மதித்திருக்கிறார். நானும் இருப்பேன். குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டே வாருங்கள். அத்தை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் தஞ்சாவூர்ச் சகோதரி